திரிகால மணிக்குப் பிறகு வந்த குரல்

(உலக சமூகத் தொடர்பு நாளுக்கான வானொலி மறையுரை – எழுத்து வடிவம்)



ஆண்டவருடைய விண்ணேற்றப் பெருவிழா ஞாயிறு நமக்கு உலக சமூகத் தொடர்பு நாளும் ஆகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. ஆண்டில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கும்படி அந்த ஏடு கேட்டுக்கொண்டதால், 1967 முதல் இந்த நாளைக் கடைப்பிடித்து வருகிறோம். இந்த நாள் வந்தாலே கைபேசியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த முறை அவர்களை விட்டுவிடுவோம். நம் பெரியவர்கள் காதோடு காதாக வைத்திருந்த ஒரு கருவியைப் பற்றி, அதற்குள்ளிருந்து பேசிய ஒரு நிலையத்தைப் பற்றிப் பேசுவோம்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கியது. விண்ணேற்றப் பெருவிழாவும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வருகிறது. இரண்டையும் சேர்த்து நினைப்பதற்கு அது ஒன்றே போதும்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் திருச்சி வானொலி எப்படிச் சொந்தமாகும் என்று இளையோர் கேட்கலாம். நம் இரண்டு மாவட்டங்களுமே நேற்றுப் பிறந்தவை. 1995 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி முழுவதும் திருச்சிராப்பள்ளி மாவட்டம்தான். அன்று பெரம்பலூர் தனியானது. 2001இல் அரியலூர் பிரிந்தது, அடுத்த ஆண்டே மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007இல் மீண்டும் பிரிந்தது. கோடுகள் இப்படி மாறி மாறிப் போடப்பட்டாலும், பச்சைமலை அடிவாரத்திலிருந்து கொள்ளிடக் கரை வரைக்கும் காலையில் பெட்டியைத் திருகினால் வந்த குரல் ஒன்றாகவே இருந்தது. தாலுகா அலுவலகத்தை மாற்றலாம், அலையை மாற்ற முடியாது.

வானொலிக்கு முன்பு ஓர் ஊரில் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்த ஓசை எது? அரசுக் கட்டளை என்றால் தமுக்கு. நம் ஊர்களில் என்றால் கோவில் மணி. ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை போன்ற இடங்களில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் திரிகால மணி அடிக்கும். வயலில் குனிந்தவர் நிமிர்வார், மாட்டை ஓட்டுகிறவர் நின்று சிலுவை அடையாளம் வரைவார். கபிரியேல் வானதூதர் மரியாவுக்குக் கொண்டுவந்த செய்தியை நினைவூட்டுவதுதான் அந்த மணியின் வேலை. ஒரு செய்தி, ஒரே நேரத்தில், காசு கேட்காமல், எட்டிய தொலைவு வரைக்கும். வானொலி செய்யப் போவதும் அதைத்தானே? திருத்தந்தை 12ஆம் பயஸ் 1951 ஜனவரி 12 அன்று தந்தி, தொலைபேசி, வானொலித் துறைகளுக்குப் பாதுகாவலராக அதே கபிரியேலை நியமித்தார். அந்தத் தேர்வில் சிறிது நகைச்சுவையும் இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. கம்பியே இல்லாமல் செய்தி கொண்டுவந்த முதல்வர் அவர்தான்.

திருச்சபை இந்தக் கருவியைக் கண்டு ஒதுங்கி நிற்கவில்லை. கம்பியில்லாத் தந்தியைக் கண்டுபிடித்த மார்க்கோனியே உரோமையில் நிலையத்தை அமைத்துக் கொடுக்க, 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை 11ஆம் பயஸ் இலத்தீன் மொழியில் உலகுக்குப் பேசினார். நம் தமிழ்நாடு அதற்கும் முந்திக்கொண்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று அவர்களுடைய ஒலிபரப்பு ஆரம்பமானது. ஆர்வலர்கள் கூடி நடத்திய கழகம்தான், கையில் பணம் இல்லை. மூன்றே ஆண்டுகளில் மூடவேண்டி வந்தது. கருவியைச் சென்னை மாநகராட்சி வாங்கி 1930 ஏப்ரல் 1 முதல் நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து மக்கள் கேட்க வழி செய்தார்கள். பெட்டி வாங்க வசதியில்லாதவருக்கும் பாட்டு உண்டு என்ற அந்த எண்ணம் மாநகராட்சிக்காரர்களுக்கு அன்றே இருந்ததை நாம் மறக்கக் கூடாது.

பிறகு அகில இந்திய வானொலி வந்தது. 1938 ஜூன் 16இல் சென்னை நிலையம், பதினோரு மாதம் கழித்துத் திருச்சி. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டில் இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் எத்தனை தெரியுமா? ஆறே ஆறு. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சிராப்பள்ளி. இத்தனை பெரிய நாட்டில் ஆறில் ஒன்று நம் பக்கத்தில், பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது. பெரிய நகரங்களின் பெயர்களுக்கு நடுவில் மலைக்கோட்டை ஊரின் பெயர் நிற்பதைப் படிக்கும்போது இன்றைக்கும் நமக்குக் கொஞ்சம் பெருமிதம் வரத்தான் செய்கிறது.

நிலையம் தொடங்கி நான்கு மாதம் ஆகுமுன் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் இந்தப் பகுதியில் குறைவில்லை. போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் காத்திருந்த வீடுகளுக்குச் செய்தி என்பது உயிர்ப் பிரச்சினை. 1941 மே மாதம் இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழில் பேசத் தொடங்கியது. மறுபுறம் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலியிலும் தமிழ் ஒலித்தது. இரண்டு பக்கமும் தமிழ், இரண்டு பக்கமும் உறுதியான குரல். எதை நம்புவது? வத்திக்கான் வானொலி அந்த ஆண்டுகளில் செய்த ஒரு வேலையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1940 முதல் 1946 வரைக்கும் காணாமற்போன போர்வீரர்கள், கைதிகள், அகதிகள் ஆகியோரைத் தேடி 12 லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை அது ஒலிபரப்பியது. பெரிய அறிவிப்பு எதுவும் இல்லை. பெயர், ஊர், அடுத்த பெயர், அடுத்த ஊர். மணிக்கணக்கில் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். எங்கோ ஒரு தாய் தன் மகனுடைய பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருப்பாள். வானொலியின் பெருமைகளை எண்ணிப் பார்த்தால் இதற்குமேல் ஒன்று நமக்கு அகப்படவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். நிலையம் வந்துவிட்டது, ஆனால் பெட்டி? வால்வு வைத்த பெட்டி ஒரு சிறு அலமாரி அளவுக்கு இருக்கும். விலை ஒரு குடியானவனுக்கு எட்டாதது. அதற்கு உரிமம் வேறு. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் பதிந்து வர வேண்டும். 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆகவே பெரும்பாலான ஊர்களில் வானொலி என்றால் அது பஞ்சாயத்து ரேடியோதான். மாலையானால் பஞ்சாயத்துக் கட்டடத்தின் மேலிருந்த குழாய் பேசத் தொடங்கும். விளையாடும் பிள்ளைகள், பீடி பற்றவைத்த பெரியவர்கள், கடைக்குப் போனவர்கள் எல்லாரும் கீழே கூடிவிடுவார்கள். நம்மில் வயதானவர்கள் இதைச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும்.

ஆனால் எல்லார் முகமும் மலராது. குழாய் இருந்த இடம் ஊரின் நடுத்தெரு. காலனியிலிருந்து வருகிறவர் அங்கே திண்ணையில் உட்கார முடியாது. தள்ளி, சாலைக்கு அந்தப் பக்கம், இருட்டில் நின்று கேட்டவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம் என்று வராமலே இருந்தவர்கள் அதிகம். பெண்களுக்கோ அந்த இடமே கிடையாது. பாட்டு காற்றில் மிதந்து அடுப்படிக்கு வந்தால் உண்டு, காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் இல்லை. அலை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது, பெட்டி வைத்த இடம் பொதுவாக இல்லை. வானொலியின் பொற்காலம் என்று நாம் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. பஞ்சாயத்தைக் குறை சொல்லிவிட்டு நாமும் தப்பிக்க முடியாது. நற்செய்தி எல்லாருக்கும் என்று பீடத்தில் அறிவித்துக்கொண்டே, அதைக் கேட்கச் சிலருக்குத் தனி இடம் ஒதுக்கிய கோவில்கள் நம்மிடமும் இருந்தன. அது எங்கேயோ எப்போதோ நடந்தது அல்ல. அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் நம்மோடு திருப்பலிக்கு வருகிறார்கள்.

இந்த நிலையை மாற்றியது எந்தச் சட்டமும் அல்ல, டிரான்சிஸ்டர். 1960களிலும் 70களிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஊர்களுக்குள் வந்தது. வால்வு போய்விட்டது, மின்சாரம் தேவையில்லை, பேட்டரிக் கட்டை போட்டால் போதும். களத்துமேட்டில் வைத்துக் கேட்கலாம், மாட்டுக் கொட்டகையில் தொங்கவிடலாம், அடுப்படியில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம். யாருடைய திண்ணையிலும் போய் நிற்க வேண்டியதில்லை. திருமணச் சீரில் கைக்கடிகாரமும் மிதிவண்டியும் ரேடியோவும் ஒன்றாக வந்த காலம் அது. சீர் என்ற பெயரில் பெண் வீட்டாரை வருத்தியதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்த மூன்றில் வீட்டுப் பெண்ணின் கைக்கு உண்மையாகவே வந்து சேர்ந்தது ரேடியோ ஒன்றுதான்.

கருவியின் இயல்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். திருச்சி நிலையம் மத்திய அலையில் பேசுவது. இப்போது அதன் இடம் 936 கிலோஹெர்ட்ஸ். அலையின் நீளம் ஏறக்குறைய 320 மீட்டர். பண்பலை போல இது சில மைல்களோடு நின்றுவிடாது. தரையை ஒட்டியே ஓடும், மேடு பள்ளம் தாண்டும். பகலில் வானத்தை நோக்கிப் போகும் பகுதியை மேலடுக்குக் காற்று விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தத் தடை விலகி, அலை மேலே போய்ப் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விழும். அதனால்தான் பகலில் திருச்சி மட்டும் பேசிய பெட்டியில் இரவில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று பெயர் சொன்னால் இன்றும் சிலருக்குக் கண்ணில் ஒளி வரும். 1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் நம் நிலையங்களில் சினிமாப் பாட்டைக் குறைத்ததும் கூட்டம் அப்படியே கொழும்பு பக்கம் போய்விட்டது. மக்களைத் திருத்த நினைத்து அடைத்த கதவு, பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது. மறையுரை ஆற்றுகிற நாமும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1956 நவம்பர் 23. அந்த நாளை அரியலூர் மறக்காது. பெருமழையில் மருதையாறு புரண்டு ஓட, விடியுமுன் தூத்துக்குடி விரைவு வண்டி பாலத்தோடு ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி தாமே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நம் பகுதியின் பெயர் நாடு முழுவதும் வானொலியில் ஒலித்தது அந்தத் துயரத்தில்தான். அதே நவம்பர் 23இல்தான், 51 ஆண்டுகள் கழித்து, அரியலூர் மீண்டும் மாவட்டமானது. நாள் பார்த்தவர்கள் இதை நினைத்துப் பார்த்தார்களா என்று நமக்கு ஓர் எண்ணம் ஓடுகிறது.

இனி, நெல்லின் கதை. இதைச் சொல்லாமல் திருச்சி வானொலியின் வரலாறு நிறைவு பெறாது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை வெளியிட்டது. குறுவைக்கு ஏற்றது, மூன்றரை மாதத்தில் அறுவடை. புது விதை என்றால் குடியானவன் எளிதில் தொடமாட்டான். ஒரு போகம் பொய்த்தால் கடன், கடன் தீராவிட்டால் நிலம். அவன் தயங்குவதை அறியாமை என்பவர்கள் ஒரு நாளும் வட்டி கட்டாதவர்கள். இந்த நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி நாள்தோறும் பேசியது. நாற்று எத்தனை நாளில் பறிப்பது, உரம் எப்போது, பூச்சி வந்தால் என்ன செய்வது என்று சொல்லிச் சொல்லி, விளைவித்தவர்களையே பேசவும் வைத்தது. 1966இல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகளைத் தொடங்கியபோது திருச்சியும் அவற்றில் ஒன்று. தஞ்சைச் சீமையில் அந்த விதை மளமளவென்று பரவியது. கடையில் கேட்கும்போது ஏ.டி.டி. என்றோ 27 என்றோ யாரும் கேட்கவில்லை. "ரேடியோ நெல் இருக்கா?" என்று கேட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர் வந்தது சாதாரணமா? கண்ணால் காணாத ஒருவர் சொன்ன சொல்லை நம்பி ஒருவன் தன் நிலத்தில் விதைத்தான் என்று பொருள். அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறோம். குரல் இனிமையாக இருந்ததால் மட்டும் வந்திருக்காது. அந்தக் குரல் நேற்றும் அதே நேரத்துக்கு வந்தது, நாளையும் வரும். தவறாகச் சொன்னால் கடிதம் எழுதிக் கேட்கலாம், கேட்டதற்கு அடுத்த வாரம் பதில் வரும். 1956இல் புனே பக்கம் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 ஊர்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஊருக்கு ஒரு குழு, அது சேர்ந்து உட்கார்ந்து வேளாண் நிகழ்ச்சியைக் கேட்கும், பிறகு பேசும், தன் கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்பும். அது பயன் தந்ததால் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். நிலையம் ஊருக்குச் சொன்னதோடு நில்லாமல் ஊர் சொன்னதையும் கேட்டது.

இந்த இடத்தில் சிறுவன் சாமுவேலின் நினைவு வருகிறது. ஆண்டவரின் இல்லத்தில் படுத்திருந்த பிள்ளை இரவில் தன்னை யாரோ அழைப்பதைக் கேட்கிறான். குரு ஏலிதான் கூப்பிட்டார் என்று ஓடுகிறான். இல்லை, போய்ப் படு என்கிறார் ஏலி. மூன்று முறை இப்படி நடக்கிறது. கண்பார்வை மங்கிப்போன அந்த முதியவருக்குக் குரல் கேட்கவில்லை, கேட்டது சிறுவனுக்கு. ஆனால் அது யாருடைய குரல் என்று அடையாளம் காட்டியது முதியவர். அதன் பிறகு சாமுவேலுக்குக் கிடைத்த செய்தி ஏலியின் வீட்டுக்கே எதிரானது. மறுநாள் காலையில் அதையும் ஒளிக்காமல் சொல்லும்படி ஏலி கேட்டுக்கொண்டார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தியை விளக்கிச் சொன்ன உபதேசியார்களும் ஆசிரியர்களும் நம் ஊர்களில் இருந்தார்கள். யார் பேசுகிறார், எதற்காகப் பேசுகிறார் என்று பிரித்துக் காட்டியவர்கள் அவர்கள். இன்று கைபேசியில் வந்து விழும் செய்தியை யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார் என்று எவருக்கும் தெரிவதில்லை. பிள்ளைகளைக் கடிந்துகொள்ள மாட்டோம் என்று சொன்னோம், சொன்னபடியே இருப்போம். இந்த விஷயத்தில் அவர்களைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கேட்டுக்கொண்டே இருந்த நம் பகுதி ஒரு நாள் பேசவும் செய்தது. அரியலூர் மாவட்டம் தா. பழூர் பக்கம் தென்கச்சிப்பெருமாள்நத்தம் என்று ஓர் ஊர். அங்கிருந்து வேளாண்மை படித்த ஒருவர் திருநெல்வேலி வானொலிக்குப் போய் உழவர்களுக்குப் பேசினார், பிறகு சென்னைக்கு மாறினார். தென்கச்சி கோ. சுவாமிநாதன் என்று சொன்னால் போதும், மற்றது உங்களுக்கே தெரியும். காலையில் "இன்று ஒரு தகவல்" வரும்போது பல் விளக்குகிறவர் வாயில் பிரஷ்ஷோடு நிற்பார். சில நிமிடம்தான். ஒரு செய்தி, அதை ஒட்டி ஒரு கதை, கடைசியில் தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்கவைக்கும் ஒரு வரி. ஏற்ற இறக்கம் இல்லாத, வயல் வரப்பில் நின்று பேசுகிற குரல். 2009இல் அவர் மறைந்தபோது முகம் பார்த்தறியாத பல்லாயிரம் பேர் சொந்தக்காரர் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினார்கள். நம் அருள்தந்தையர் பலர் மறையுரையில் கதை சொல்லக் கற்றுக்கொண்டது குருமடத்திலா, அவரிடமா என்று கேட்டால் உண்மையைச் சொல்லச் சிலர் தயங்குவார்கள். அதே அரியலூர் மண்ணில், ஏலாக்குறிச்சியில் இருந்துதான் வீரமாமுனிவர் தமிழ்ப் பணி செய்தார். பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் வைத்து நம்மைச் சிரிக்கவைத்தவர் அவர். சிரிக்கவைத்துச் சொல்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

அதே காலை ஒலிபரப்பில் இன்னொன்றும் உண்டு. பக்திப் பாடல்கள் வரிசையாக வரும். ஒரு முருகன் பாட்டு, நாகூர் ஹனிபாவின் கணீர்க் குரலில் ஒன்று, பிறகு மாதாவுக்கு ஒன்று. யாரும் எழுந்துபோய்ப் பெட்டியை நிறுத்தவில்லை. நம் வீட்டுப் பெரியம்மாக்களுக்கு மற்ற இரண்டு மதப் பாடல்களும் மனப்பாடம், மற்றவர்களுக்கு நம் பாடல்கள் மனப்பாடம். மத நல்லிணக்கம் என்று பெயர் வைக்காமல் அது பாட்டுக்கு நடந்தது.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இன்னொரு குரலும் இருந்தது, வெரித்தாஸ். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து சிற்றலையில் வந்த அந்தத் தமிழ்ப்பணியைக் கேட்க, கம்பியைக் கூரை வரைக்கும் இழுத்துக் கட்டியவர்கள் நம் பங்குகளில் இருந்தார்கள். அந்நாட்டில் 1986 பிப்ரவரியில் கர்தினால் சின் மக்களைத் தெருவுக்கு வரும்படி அழைத்தது வெரித்தாஸ் வானொலி வழியாகத்தான். அதன் கருவியைப் படைவீரர்கள் உடைத்த பிறகும் பேசுவது நிற்கவில்லை, ஆட்சி கவிழ்ந்தது. ஆசியாவுக்கான அந்த வெரித்தாஸ் 2018 ஜூன் 30 அன்று சிற்றலையை நிறுத்திவிட்டு முழுவதும் இணையத்துக்குப் போய்விட்டது. செலவுக் கணக்குப் பார்த்தால் சரியான முடிவாகவே இருக்கலாம். கூரைக்குக் கம்பி இழுத்தவர்களில் எத்தனை பேரால் இணையத்துக்குப் பின்தொடர்ந்து போக முடிந்தது என்பது வேறு கணக்கு.

மத்திய அலைக்கும் இப்போது அதே காலம் வந்திருக்கிறது. பிரசார் பாரதி நாட்டின் பல இடங்களில் பழைய மத்திய அலைக் கருவிகளை நிறுத்தி வருகிறது. மின்செலவு அதிகம், உதிரிப் பொருள் கிடைப்பதில்லை, பண்பலை தெளிவாகக் கேட்கிறது, செயலியில் உலகமே கேட்கலாம் என்கிறார்கள். இவற்றில் எதையும் நாம் மறுக்கவில்லை. 2023இல் "ஆல் இந்தியா ரேடியோ" என்று சொல்லாமல் "ஆகாசவாணி" என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் குரல் எழுந்தது. வானொலி என்று நமக்கு அழகான சொல் இருக்கிறதே என்றோம். நியாயம்தான். பெயருக்காகப் பேசிய நாம், அந்த ஒலி யாருக்குப் போகாமல் நிற்கப்போகிறது என்பதைப் பற்றியும் அதே வேகத்தோடு பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

யாருக்குப் போகாமல் நிற்கும் என்று நாம் அறிவோம். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போகிற வீடுகளில் அவர்களைப் பார்க்கிறோம். முந்திரிக் காட்டை ஒட்டிய ஓர் ஓட்டு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார். பிள்ளைகள் திருப்பூரில். தலைமாட்டில் ஒரு ஜெபமாலை, ஒரு தண்ணீர்ச் சொம்பு, திருகு உடைந்துபோய் நூல் கட்டியிருக்கும் ஒரு சிறு ரேடியோ. சிறு வயதில் பஞ்சாயத்து ரேடியோ பக்கம் போக விடாத தெருவில் பிறந்தவர் அவர். முதன்முதலில் சொந்தமாக ஒரு பெட்டி கைக்கு வந்தபோது இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டாராம். அந்த முள்ளை அவர் நகர்த்துவதே இல்லை, திருச்சியில் நிற்கிறது. கைபேசி இருக்கிறது, மகன் வாங்கிக் கொடுத்தது. ரீசார்ஜ் தீர்ந்தால் அடுத்து அவன் போடும் வரைக்கும் அது வெறும் பெட்டி. எழுத்துத் தெரியாத விரலுக்குச் செயலியும் வழிவிடுவதில்லை. ரேடியோ அப்படி இல்லை, கட்டை இருக்கும் வரைக்கும் பேசும். திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியை, இதயத்தின் காதுகொண்டு கேட்பதைப் பற்றியே எழுதினார். அதைப் படித்தபோது நமக்கு இந்தப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

போன மாதம் போயிருந்தபோது ஜெபம் முடிந்ததும் அவர் கேட்டார்: "சாமி, திருச்சியையும் நிறுத்திடுவாங்களாமே, நெசமா?" நம்மிடம் பதில் இல்லை. பெட்டி கரகரவென்றது. கட்டை இறங்கிப் போயிருந்தது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் மத்திய அலை எடுக்கும் பழைய பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் கொடுக்காதீர்கள். பங்கு அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பழுது பார்க்கத் தெரிந்த ஓர் அண்ணன் நம் பங்கிலேயே இருக்கிறார், கூலி வேண்டாம் என்கிறார். எந்த அன்பியத்தில் எந்த வீட்டுக்குப் பெட்டி வேண்டும் என்று பட்டியல் எடுத்து வருகிறோம். பெட்டி இல்லாதவர்கள் பேட்டரிக் கட்டை கொடுத்தாலும் போதும். பெரிய கட்டை, ஒரு வீட்டுக்கு இரண்டு. அடுத்த முதல் வெள்ளிக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நற்கருணையோடு அதையும் கொண்டுபோவோம்.